பெஞ்சில் உட்கார்ந்து காது கொடுக்கும் பாட்டிகள்

கேள்வி: ஆப்பிரிக்காவில் பெண்கள் குழுக்களுக்கு உடல்நலம், மனநலம் பற்றி ஊராரிடம் எப்படிப் பேசுவது என்று தனியாகப் பயிற்சி கொடுக்கிறார்களாமே? பேசுவதற்கு என்ன பயிற்சி, பெண்களுக்குப் பேசத் தெரியாதா? (வாசகி ஒருவர்)

பதில்: நன்றாகவே தெரியும். பயிற்சியில் பாதி, எதிரே இருப்பவர் சொல்லி முடிக்கும்வரை காது கொடுக்கத்தான். புத்திமதி சொல்ல நம் எல்லோருக்கும் வாய் துறுதுறுக்கும் இல்லையா, அதை அடக்குவது லேசில் வராது.

ஜிம்பாப்வே தலைநகர் ஹராரேயில் ம்பாரே என்றொரு பகுதி, ஏழைபாழைகள் நெருக்கியடித்து வாழும் இடம். 2005-ல் அந்நாட்டு அரசு நகரங்களில் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தள்ளியது. வீட்டையோ பிழைப்பையோ இழந்தவர்கள் சுமார் 7 லட்சம் பேர் என்பது ஐ.நா. கணக்கு. மனநல மருத்துவர்களோ நாட்டுக்கே விரல்விட்டு எண்ணும் அளவில்தான். அவர்களில் ஒருவரான டிக்சன் சிபண்டா 2006-ல் 14 பாட்டிகளைச் சேர்த்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தார். ஏற்கெனவே வீடு வீடாகச் சுகாதாரப் பணி செய்துவந்த, தெருவே அறிந்த பெண்கள் அவர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து வளாகத்தில் ஒரு மர பெஞ்ச், அவ்வளவுதான் ஆஸ்பத்திரி. முதலில் அதற்கு 'மனநல பெஞ்ச்' என்றுதான் பெயர். ஆள் வரவில்லை. பாட்டிகள் சொல்லித்தான் 'நட்பு பெஞ்ச்' ஆயிற்று.

மனச்சோர்வு என்ற மருத்துவச் சொல்லையும் அவர்கள் தூக்கிக்கொண்டு திரிவதில்லை. ஷோனா மொழியில் 'குஃபுங்கிசிசா' என்றால் அளவுக்கு மீறி யோசிப்பது. நம் ஊர்ப் பெரியவர்கள் "அவ ஒரே யோசனையா இருக்கா" என்பார்களே, ஏறக்குறைய அதுதான். வந்து உட்காருகிறவரிடம் 14 கேள்விகள் கேட்கிறார்கள். போன வாரத்தில் ஆழ்ந்த யோசனையில் மூழ்கிப்போன நேரம் உண்டா என்பது முதல் கேள்வி. அப்புறம் மனதைத் திறக்கவிட்டு, கொட்டுகிற பத்துப் பிரச்சினைகளில் முதலில் எதைக் கையில் எடுக்கலாம் என்று வந்தவரையே தேர்ந்தெடுக்கச் சொல்கிறார்கள். பாட்டி தீர்வைக் கையில் கொடுப்பதில்லை, வாடகை பாக்கியானாலும் சரி, கணவனின் அடியானாலும் சரி. எனக்கு மிகவும் பிடித்தது இந்த இடம்தான்.

இதெல்லாம் பலன் தருமா என்று கேட்பீர்கள். 24 சுகாதார நிலையங்களில் 573 பேரை வைத்து நடந்த ஆய்வு 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வந்தது. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் பாதிப் பேருக்கு மனச்சோர்வு இருந்தது. பெஞ்சுக்கு வந்தவர்களில் சுமார் 14 சதவீதம் பேருக்குத்தான். பெஞ்ச் முடிந்த பிறகும் பெண்கள் வட்டமாகக் கூடி, பழைய பிளாஸ்டிக்கைக் கீற்றுக் கீற்றாக வெட்டிக் கொக்கி ஊசியில் பை பின்னுகிறார்கள், விற்கிறார்கள். கை வேலை செய்துகொண்டிருக்கும்போது வாயும் தானாகத் திறக்கும் போல.

கேள்வி: மனசுக் கஷ்டத்தைப் பேசலாம், சரி. மரபு என்று ஊரே பிடித்துக்கொண்டிருப்பதைத் தப்பு என்று பேசப் போனால் சண்டைதானே வரும்? (அதே வாசகி)

பதில்: தப்பு என்று ஆரம்பித்தால் வரும்தான். செனகலில் 1991-ல் தொடங்கிய தோஸ்தான் என்ற அமைப்பு ஊர்ப் பெண்களுக்கு அவர்கள் மொழியிலேயே உடல்நலம், உரிமை பற்றி வகுப்பு நடத்தியது. தோஸ்தான் என்ற வோலோஃப் மொழிச் சொல்லுக்கு முட்டையை உடைத்துக் குஞ்சு வெளிவருவது என்று பொருள். சிறுமிகளின் பிறப்புறுப்பை வெட்டும் வழக்கத்தைப் பற்றிப் பேசும்போது 'சிதைப்பது' என்ற வசவுச் சொல்லைத் தவிர்த்து 'வெட்டுவது' என்றே சொன்னார்கள். தன் மகளுக்கு நல்லது என்று நம்பிச் செய்த தாயைக் கொடுமைக்காரி என்று ஏசினால் அவள் ஏன் உட்கார்ந்து கேட்கப்போகிறாள்? 1997 ஜூலை 31 அன்று மாலிகுண்டா பம்பாரா கிராமத்துப் பெண்கள் இனி இந்த வழக்கம் வேண்டாம் என்று பகிரங்கமாக அறிவித்தார்கள்.

எதிர்ப்பும் கிளம்பியது. அப்போது வழி சொன்னவர் கெர் சிம்பாரா ஊர் இமாம் தெம்பா ஜவாரா. பெண் கொடுத்து எடுக்கும் ஊர்கள் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து கைவிட்டால்தான் இந்த வழக்கத்தை விட முடியும், இல்லாவிட்டால் வெட்டாத பெண்ணை யார் கட்டுவார்கள் என்றார். சொன்னதோடு நிற்காமல் உறவுக்கார ஊர்களுக்கெல்லாம் நடந்தே போய்ப் பேசினார். 1998 பிப்ரவரியில் 13 ஊர்கள் சேர்ந்து அதே அறிவிப்பைச் செய்தன. செனகல் அரசு தடைச் சட்டம் கொண்டுவந்தது அதற்கு அடுத்த ஆண்டு.