கழல மறுக்கும் புஷ்: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் காருக்கு வயது பதினான்கு. வேகத்தடையில் ஏறி இறங்கும்போது முன்பக்க இடப்புறத்தில் ‘டொக்’கென்று ஓசை வந்ததால், லோயர் ஆர்மை (சக்கரத்தைக் காரின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் கீழ்க்கையை) கழற்றி, அது சட்டத்தோடு சேரும் இடத்திலுள்ள முன்புற புஷ்ஷை வீட்டிலேயே மாற்ற முனைந்தேன். ரப்பரும் உள்வளையமும் பிய்ந்து வந்துவிட்டன. வெளிப்புற இரும்பு வளையம் மட்டும் அசையவே இல்லை. சுத்தியலால் அடித்ததில் ஆர்மின் துளை விளிம்பு ஓரிடத்தில் சற்று மடங்கியும் விட்டது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினால் வந்துவிடும் என்கிறார் தெரிந்த மெக்கானிக் ஒருவர். செய்யலாமா, ஐயா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: தயவுசெய்து கொளுத்தாதீர்கள். ரப்பர் எரியும் புகை நுரையீரலுக்குக் கேடு என்பது ஒருபுறமிருக்க, உங்களுக்கு இப்போது தடையாக இருப்பது ரப்பரே அல்ல. துருப்பிடித்த இரும்பு வளையம். பெட்ரோல் தீ அதை விடுவிக்காது. மாறாக, அதே ஆர்மின் மறுமுனையில், சக்கரப் பக்கம் இருக்கும் பால் ஜாயின்ட்டின் (பந்து மூட்டின்) ரப்பர் உறையையும் உள்ளே இருக்கும் கிரீஸையும் பாழாக்கி, ஆர்மின் பெயின்டையும் உரித்துவிடும். உங்கள் ஊரின் உப்புக் காற்றில் பெயின்ட் போன இரும்பு எவ்வளவு காலம் தாங்கும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

புஷ் என்பது இரண்டு இரும்பு வளையங்களும் அவற்றுக்கு நடுவே இரண்டோடும் ஒட்டி வார்க்கப்பட்ட ரப்பரும் சேர்ந்தது. வெளிவளையம் ஆர்மின் துளையைவிட மயிரிழை பெரிதாகச் செய்யப்பட்டு, பல டன் அழுத்தத்தில் உள்ளே செலுத்தப்படுகிறது. அந்த இறுக்கத்தோடு துருவும் சேர்ந்துகொண்டதால்தான் அது இப்போது அசைய மறுக்கிறது. சுத்தியலால் ஓங்கி அடிக்கும்போது விசை ஒரு கணம் மட்டும் இருந்து மறைந்துவிடுகிறது. அதில் பெரும்பகுதி ஆர்மை அதிரவைப்பதிலும் விளிம்பை மடக்குவதிலும் வீணாகிறது. இங்கே தேவைப்படுவது துளையின் அச்சுக்கு நேராக, விடாமல் நின்று அழுத்தும் விசை.

முதலில் மடங்கிய விளிம்பைச் சிறிய அரத்தால் ராவிச் சமன் செய்யுங்கள். அந்த மடிப்பே வளையம் வெளியேறும் வழியை மறித்துக்கொண்டிருக்கலாம். துரு இளக்கும் ஸ்பிரேயை இருபுறமும் அடித்து ஓர் இரவு விட்டுவிடுங்கள். மறுநாள் ரம்பத்தின் சட்டத்திலிருந்து ஹேக்சா பிளேடைக் கழற்றி, துளைக்குள் நுழைத்து, மீண்டும் சட்டத்தில் மாட்டி, வளையத்தின் உட்புறத்திலிருந்து நீளவாக்கில் ஒரே ஒரு கோடு அறுங்கள். வளையத்தின் கனம் பெரும்பாலும் 2 மில்லிமீட்டருக்கு உள்ளேதான் இருக்கும் என்பதால், நான்கைந்து இழுப்புக்கு ஒருமுறை நிறுத்தி, துணியால் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். இரும்புத் துகள் பளபளவென்று விழும்வரை நீங்கள் வளையத்தை அறுக்கிறீர்கள்; துகளில் பழுப்புத் துருப்பொடி கலக்கத் தொடங்கினால் வளையம் முடிந்து ஆர்மின் எல்லை வந்துவிட்டது என்று பொருள். அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆர்மின் துளைச் சுவரில் ஆழமான வெட்டு விழுந்தால், பின்னாளில் அந்த இடத்திலிருந்து விரிசல் கிளம்பக்கூடும். பிறகு சிறிய உளியால் வெட்டின் ஓரத்தை உட்பக்கமாகத் தட்டினால் வளையம் சுருண்டு தன் பிடியை இழக்கும். அதன்பின் மெதுவாகத் தட்டியே வெளியேற்றிவிடலாம்.

அறுக்க மனமில்லையென்றால் இழுத்தும் எடுக்கலாம். வளையத்தின் வெளிவிட்டத்தைவிடச் சற்றே அகலமான கனத்த பைப் துண்டை ஒரு பக்கத்தில் ஆர்மின் துளை விளிம்பில் பொருத்தி, மறுபக்கத்தில் வளையத்தின் ஓரத்தை மட்டும் தொடும் அளவுள்ள சாக்கெட்டை வைத்து, இரண்டையும் ஒரு த்ரெட் ராடால் (நீளம் முழுக்க மரை போட்ட கம்பியால்) கோத்து நட்டை முறுக்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் ராடு இதற்கு உதவாது, 8.8 தரம் என்று கேட்டு வாங்குங்கள். அந்தத் தரத்தில் 12 மில்லிமீட்டர் ராடு ஏறத்தாழ 5 டன் இழுவிசையை நிரந்தரமாக நீளாமல் தாங்கும். மலிவான ராடு அதில் பாதிக்கும் குறைவாகவே தாங்கி, மரை உரிந்து போகும். மரையில் கிரீஸ் தடவுங்கள். முறுக்கும்போது ராடுக்கு நேர் எதிரே முகத்தையோ மார்பையோ வைக்காதீர்கள். வளையம் விடுபடும் கணத்தில் ‘படார்’ என்று வெடித்தாற்போல் நகரும்.

இவ்வளவுக்கும் அது அசையவில்லை என்றால், ஆர்மைக் கையோடு எடுத்துக்கொண்டு லேத் பட்டறைக்குப் போங்கள். ஹைட்ராலிக் பிரஸ்ஸில் சில நிமிடங்களில் முடியும் வேலை அது. காரிலிருந்து ஆர்மைக் கழற்றுவதுதான் இந்த வேலையில் கடினமான பாதி. அதை நீங்களே செய்து முடித்துவிட்டீர்கள்.

புதிய புஷ்ஷை ஏற்றுமுன் துளையின் துருவை உப்புத்தாளால் மட்டும் தேய்த்து எடுங்கள். வெர்னியர் (நுட்பமாக அளக்கும் அளவுகோல்) இருந்தால் துளையைக் குறுக்கும் நெடுக்குமாக இரு திசையில் அளந்து பாருங்கள். நீங்கள் அடித்த அடியில் துளை முட்டை வடிவமாகியிருந்தாலோ, புதிய புஷ் கைவிரலால் தள்ளும்போதே உள்ளே போனாலோ அந்த ஆர்மை மறந்துவிட வேண்டியதுதான். துளையைத் தட்டிச் சுருக்குவதும் பசை போட்டு ஒட்டுவதும் ஓடும் வண்டியில் உயிரோடு விளையாடுவது. புஷ்ஷை ஃப்ரீசரில் வைத்து எடுக்கச் சொல்வார்கள். வைக்கலாம், தவறில்லை, ஆனால் 40 மில்லிமீட்டர் விட்டமுள்ள இரும்பு வளையம் 50 டிகிரி குளிர்ந்தால் சுருங்குவது சுமார் 0.024 மில்லிமீட்டர்தான் என்பதால், அழுத்தும் வேலை அப்போதும் இருக்கவே செய்யும். அழுத்தும்போது விசை வெளிவளையத்தின் மீது மட்டுமே விழ வேண்டும். உள்வளையத்தில் அழுத்தினால் ரப்பர் ஒட்டு அங்கேயே விட்டுப்போகும்; வெளியிலிருந்து பார்த்தால் அது தெரியவும் தெரியாது.

கேள்வி: ஆர்மைப் பிடித்திருக்கும் போல்ட்டையே கழற்ற முடியவில்லை. நீளமான பைப் போட்டுத் திருகினால் சற்றுத் திரும்புகிறது, கையை விட்டதும் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. மரை போய்விட்டதா?
– வாசகர், நாகப்பட்டினம்

பதில்: மரை போயிருந்தால் போல்ட் சுற்றிக்கொண்டே இருக்கும், இப்படித் துள்ளித் திரும்பி வராது. புஷ்ஷின் உள்வளையம் போல்ட்டின் தண்டோடு துருவால் ஒன்றாகிவிட்டது. நீங்கள் போல்ட்டைத் திருகும்போது உண்மையில் ரப்பரைத்தான் முறுக்குகிறீர்கள். உள்வளையத்தின் இரு முனைகளிலும், போல்ட் நுழையும் இடுக்கில், ஸ்பிரே அடித்து ஊறவிடுங்கள். பிறகு கழற்றும் திசையில் மட்டும் போராடாமல் கொஞ்சம் இறுக்கி, கொஞ்சம் தளர்த்தி, மாறிமாறி ஆட்டுங்கள். பல கார்களில் இந்த போல்ட் காரின் அடிச்சட்டத்துக்கு உள்ளே பற்றவைக்கப்பட்ட நட்டில் ஏறுகிறது. பலத்தைக் காட்டி அந்த நட்டைப் பிய்த்துவிட்டால் சட்டத்தையே வெட்டித் திறக்க நேரிடும். ஆகவே இங்கே பொறுமைதான் செலவைக் குறைக்கும்.

இன்னொன்று. நீளமான பைப்பைப் போட்டு இழுக்கும்போது கார் எதன் மேல் நிற்கிறது என்று நீங்கள் எழுதவில்லை. அது வெறும் ஜாக்கியின் மேல் நிற்குமானால் வேலையை இப்போதே நிறுத்திவிடுங்கள். சமதளமான தரையில், பின்சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, இருபுறமும் இரும்பு ஸ்டாண்டு வைத்து, காரை ஆட்டிப் பார்த்த பின்னரே அதன் கீழே கை நீட்ட வேண்டும். செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் ஸ்டாண்டு ஆகா. அவை முன்னறிவிப்பு எதுவுமின்றி நொறுங்கும்.

கேள்வி: சென்ற ஆண்டுதான் நல்ல தரமான புஷ்ஷாக வாங்கி நானே மாற்றினேன். இப்போது அவிழ்த்துப் பார்த்தால் ரப்பர் கிழிந்திருக்கிறது. போலிப் பொருளாக இருக்குமோ?
– வாசகர், கோயம்புத்தூர்

பதில்: இருக்கலாம். ஆனால் அதற்குமுன் ஒன்றைக் கேட்கிறேன்: ஆர்மின் போல்ட்டைக் கடைசியாக இறுக்கியபோது சக்கரம் அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்ததா? வீட்டில் புஷ் மாற்றுவோரில் பலர் சறுக்குவது இந்த இடத்தில்தான்.

போல்ட்டை இறுக்கியதும் உள்வளையம் சட்டத்தோடு அசையாமல் பிடிபட்டுவிடும். வெளிவளையம் ஆர்மோடு பிடிபட்டிருக்கிறது. ஆர்ம் மேலும் கீழும் ஆடுவது இடையிலுள்ள ரப்பர் முறுகுவதால் மட்டுமே. இங்கே எதுவும் எதன்மேலும் வழுக்குவதில்லை. 30 சென்டிமீட்டர் நீளமுள்ள ஆர்மின் நுனி 8 சென்டிமீட்டர் கீழே தொங்கும் நிலையில் நீங்கள் இறுக்கினால், காரைத் தரையில் இறக்கியவுடன் ரப்பர் சுமார் 15 டிகிரி முறுகிவிடுகிறது. வண்டி சும்மா நிற்கும்போதும் அந்த முறுக்கு நீங்காது; பள்ளத்திலும் மேட்டிலும் விழும் முறுக்கு அதற்கு மேலும் சேரும். எவ்வளவு நல்ல ரப்பரானாலும் அப்படியிருந்தால் விரைவில் கிழியும்.

ஆகவே போல்ட்டைக் கையிறுக்கமாக மட்டும் விட்டு, சக்கரத்தை மாட்டி, காரை இறக்கி, முன்பக்கத்தைக் கையால் அழுத்தி நாலைந்து முறை ஆட்டி, வண்டியின் முழு எடையும் சக்கரத்தில் இருக்கும் நிலையில், காரின் கையேடு சொல்லும் அளவுக்கு டார்க் ரெஞ்சால் (முறுக்கு விசையை அளந்து இறுக்கும் ஸ்பேனரால்) இறுக்குங்கள். கீழே கை போக இடமில்லை என்றால் முன்சக்கரங்கள் இரண்டையும் சாய்தளத்தில் ஏற்றி நிறுத்திக்கொள்ளலாம். சில புஷ்களில் ரப்பருக்கு நடுவே பிறை வடிவ இடைவெளிகள் இருக்கும். அவை எந்தத் திசையை நோக்க வேண்டும் என்று ஒரு குறி இருக்கும் என்பதால், பழையதை எடுக்குமுன் கைப்பேசியில் படம் எடுத்து வையுங்கள். எளிதாக ஏறட்டும் என்று கிரீஸோ என்ஜின் ஆயிலோ தடவியிருந்தால் அதுவும் ஒரு காரணம். இயற்கை ரப்பர் எண்ணெய் பட்டால் ஊதித் தளர்ந்துவிடும். சோப்புத் தண்ணீர் போதும்.

கேள்வி: புஷ்ஷை மட்டும் மாற்றுவதா, புஷ்ஷும் பால் ஜாயின்ட்டும் சேர்ந்த முழு ஆர்மையே வாங்கிவிடுவதா? சென்னை புதுப்பேட்டையில் பழைய ஆர்ம் மலிவாகக் கிடைக்கும் என்கிறார்களே?
– வாசகர், வேலூர்

பதில்: பழைய ஆர்ம் வேண்டாம். அதிலிருக்கும் ரப்பரும் உங்களுடையதைப் போலவே வயதானது. விபத்தில் சிக்கிய வண்டியிலிருந்து வந்து, இலேசாக வளைந்திருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. உங்கள் ஆர்மில் பால் ஜாயின்ட்டும் ஆடினால், அல்லது கடலோரத்தில் ஓடி ஆர்மின் தகடே துருவால் செதிலாக உரிந்தால், புதிய முழு ஆர்மே வாங்குங்கள். நாலு போல்ட்டோடு வேலை முடியும். பால் ஜாயின்ட் இறுக்கமாகவும் தகடு திடமாகவும் இருந்தால் தரமான புஷ் மட்டும் போதும். எதைச் செய்தாலும் இடம், வலம் இரண்டையும் சேர்த்தே மாற்றி, சில நாள் ஓட்டிய பிறகு போல்ட்டுகளை மறுபடி ஒருமுறை சரிபார்த்துவிட்டு வீல் அலைன்மென்ட் செய்துகொள்ளுங்கள்.