‘பாபநாசம்’: அப்பாவை உட்கார வைக்கலாம் அண்ணாச்சி

அண்ணாச்சி, மலையாள ‘திருஷ்யம்’ பார்த்துவிட்டீர்கள். அம்பாசமுத்திரத்துக்கார அப்பாவோடு அதன் தமிழ் மறு ஆக்கமான ‘பாபநாசம்’ பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நெல்லைத் தமிழைக் கொலை செய்தால் எழுந்து போய்விடுவார் என்பதுதானே பயம்?

எங்கள் பெரியப்பாவும் அதே ரகம், கல்லிடைக்குறிச்சி. முதல் அரை மணி நேரம், “நம்மூர்ல எவம்ல இப்படி இழுத்து இழுத்துப் பேசுதான்?” என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார். வசனம் ஜெயமோகன், சொற்களில் குறையில்லை. கமல்தான் தொடக்கத்தில் கொஞ்சம் அழுத்துகிறார். அப்புறம் போலீஸ் விசாரணை வந்ததும் பெரியப்பா வாயே திறக்கவில்லை. சின்ன மகளை மிரட்டும் இடத்தில் கருப்பட்டிக் காபியைக் கையில் வைத்தபடியே ஆறவிட்டார்.

என் குறை வேறு. இயக்குநர் ஜீத்து ஜோசப் 2013இல் தான் எடுத்ததையே 2015இல் கிட்டத்தட்ட காட்சிக்குக் காட்சி திரும்ப எடுத்திருக்கிறார். முடிச்சு தெரிந்த உங்களுக்குத் திடுக்கிடல் இருக்காது, முன்பாதி இழுக்கும். ஆனால் கடைசியில், காணாமல் போன பையனின் பெற்றோர் முன் கமல் நிற்கும் காட்சிக்காகப் பாருங்கள். ‘திருஷ்ய’த்தில் மோகன்லால் அடக்கி வாசித்ததைக் கமல் உடைந்து அழுதே சொல்கிறார். எனக்கு மோகன்லால்தான். வீட்டில் எல்லோரும் கமல் கட்சி.

மூன்று மணி நேரப் படம், காலையிலேயே போட்டுவிடுங்கள். மதியம் சொதிச் சாப்பாட்டுக்குப் பிறகு என்றால் இடைவேளைக்கு முன்பே அப்பா குறட்டை விடுவார். முடிவை மட்டும் உளறிவிடாதீர்கள்.