நத்தையை வைத்து ஆரம்பியுங்கள்

கேள்வி: ஐயா, நான் வரலாற்று ஆசிரியை. ஒன்பதாம் வகுப்புக்கு அடிப்படைச் சட்டமும் நடத்தச் சொல்லிவிட்டார்கள். முதல் நாள் 'சட்டம் என்றால் என்ன?' என்று பலகையில் எழுதிப் போட்டேன். பாதிப் பேர் கொட்டாவி விட்டார்கள். எங்கிருந்து தொடங்குவது?

பதில்: வக்கீல் தொழிலை விட்டு வகுப்பறைக்குள் நுழைந்தபோது நானும் பலகை நிறைய வரையறை எழுதியவன்தான். அப்புறம்தான் நத்தை கைகொடுத்தது.

1928, ஸ்காட்லாந்தின் பெய்ஸ்லி நகரம். மே டோனஹ்யூ என்ற பெண்ணுக்கு நண்பர் ஒருவர் ஜிஞ்சர் பீர் என்ற இஞ்சி பானம் வாங்கிக் கொடுக்கிறார். ('பீர்' என்றதும் கடைசி பெஞ்ச் சிரிக்கும், சிரிக்கட்டும்.) கொஞ்சம் குடித்தபின் மீதியை ஊற்றினால், அழுகிய நத்தை விழுந்தது என்பது அவர் புகார். இங்கே கதையை நிறுத்துங்கள். யார்மேல் வழக்குப் போடலாம்?

"கடைக்காரர்மேல்!" என்பார்கள். காசு கொடுத்தது நண்பர். கடைக்காரருக்கும் டோனஹ்யூவுக்கும் ஒப்பந்தமே இல்லையே? பாட்டிலும் உள்ளே இருப்பது தெரியாத கறுத்த கண்ணாடி. சரி, தயாரித்தவர்மேல்? அவர் இந்தப் பெண்ணைக் கண்ணால் பார்த்ததே இல்லை. இந்த இடத்தில் என் வகுப்பு இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது, மணி அடித்தும் எழுந்திருக்கவில்லை.

1932-ல், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாகவும் இருந்த பிரபுக்கள் சபை, நீதிபதிகள் 3-க்கு 2 என்ற கணக்கில் டோனஹ்யூ பக்கம் நின்றது: தன் பொருளைப் பயன்படுத்துபவருக்குத் தீங்கு வராமல் கவனம் எடுப்பது தயாரிப்பாளரின் கடமை.

அடுத்துக் கேளுங்கள்: பாட்டிலில் நத்தை இருந்ததா? யாரும் நிரூபிக்கவில்லை. பிராதில் சொன்னது உண்மையென்றே வைத்துக்கொண்டாலும் வழக்கு நிற்குமா என்பதைத்தான் சபை பார்த்தது. விசாரணை நடப்பதற்குள் தயாரிப்பாளர் ஸ்டீவன்சன் இறந்துவிட, வழக்கு சமரசத்தில் முடிந்தது. "அப்போ, இல்லாத நத்தைக்கா சார் இவ்வளவு பெரிய தீர்ப்பு?" என்று ஒரு மாணவி கேட்டாள். நடந்தது என்ன என்பது வேறு, சட்டம் என்ன சொல்கிறது என்பது வேறு. நான் மூன்று வாரமாகப் புரியவைக்க முடியாததை அவளே பிடித்துவிட்டாள்.

சிவில், கிரிமினல் வேறுபாட்டுக்குத் தனிப் பாடம் வேண்டாம். "இதில் யாராவது ஜெயிலுக்குப் போவார்களா?" என்று கேட்டாலே போதும்.

இன்னொன்று: டோனஹ்யூவுக்காகக் கத்தியவர்களை மறுநாள் ஸ்டீவன்சனுக்காக வாதாடச் சொல்லுங்கள். முனகுவார்கள். மார்க்கை அதற்குத்தான் போடுங்கள்.