சொகுசு வேனுக்குக் கவசம்: கதவுதான் தலைவலி

மெர்சிடிஸ் வி-கிளாஸ், டொயோட்டா ஆல்ஃபார்ட் மாதிரி வேன்களைக் குண்டு துளைக்காதபடி மாற்றுவது பற்றி வந்த கேள்விகளில் ஒரே மாதிரி இருந்ததையெல்லாம் ஒன்றாக்கிவிட்டேன்.

பி6 என்கிறார்களே, ஏகே-47 சுட்டாலும் தாங்குமா?

சாதாரணத் தோட்டா என்றால் தாங்கும். பி6 என்று பேச்சில் சொல்வது பிஆர்6, அது கண்ணாடிக்கான ஐரோப்பியத் தரம். 10 மீட்டர் தூரத்திலிருந்து 7.62×51 நேட்டோ தோட்டா மூன்றைச் சுட்டுப் பார்ப்பார்கள், ஏகே-47-இன் தோட்டா அதைவிட வேகம் குறைந்தது. கவசத்தைத் துளைக்கவே கடின எஃகு உள்ளே வைத்துச் செய்த தோட்டா என்றால் பிஆர்7 வேண்டும். இதில் ஒரு தில்லுமுல்லு உண்டு: கண்ணாடிக்கு மட்டும் சான்றிதழ் வாங்கிவிட்டு வண்டியே பி6 என்று விற்பார்கள். முழு வண்டியையும் நிறுத்தி வைத்து, கதவு இடுக்கு, பூட்டு, கண்ணாடி ஓரம் என்று தேடித் தேடிச் சுடுகிற விபாம் (VPAM, கவசப் பொருட்களைச் சோதிக்கும் கூடங்களின் சங்கம்) சோதனைச் சான்றிதழைக் கேளுங்கள்.

ஸ்லைடிங் கதவை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா?

முடியும், ஆனால் மொத்த வேலையிலும் இதுதான் சிரமம். 6 மி.மீ. எஃகுத் தகடு சதுர மீட்டருக்கு 47 கிலோ, 40 மி.மீ. கனக் கண்ணாடி அதே பரப்புக்குக் கிட்டத்தட்ட 100 கிலோ, ஆக ஒரு கதவில் மட்டும் நூறு கிலோவுக்கு மேல் கூடிவிடுகிறது, கம்பெனி போட்ட உருளையும் தண்டவாளமும் மோட்டாரும் இந்த எடைக்குச் செய்யப்பட்டவை அல்ல. இறக்கத்தில் மூக்கு கீழே பார்க்க வண்டியை நிறுத்திக் கதவைத் திறந்து பாருங்கள், பிடிமானம் சரியில்லை என்றால் கதவு தானாக முன்னால் ஓடி வரும், நடுவில் கை இருந்தால் அவ்வளவுதான். அப்புறம், மூடிய கதவைச் சுற்றியுள்ள இடுக்கு வழியாகக் குண்டு நுழையாமலிருக்க உள்ளே தகட்டை ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி வைக்க வேண்டும். கீல் கதவில் இது சுலபம். இங்கேயோ கதவு முதலில் வெளியே வந்து பிறகு பின்னால் போகிறது, அந்த வளைவான பாதையில் தகடு எங்கும் இடிக்கக் கூடாது. நல்ல பட்டறையா என்று பார்க்க நான் இருக்கையைத் தொட்டுப் பார்ப்பதில்லை, கதவைப் பத்து முறை திறந்து மூடுவேன்.

மசாஜ் இருக்கை, பெரிய திரை, குளிர்பெட்டி எல்லாம் போடலாமா?

எடை மிச்சமிருந்தால் போடலாம். வெறும் வி-கிளாஸே 2 டன்னுக்குச் சற்று மேல், அனுமதித்த மொத்த எடை 3 டன்னை ஒட்டி, கவசம் ஏறியதும் ஆட்களுக்கே கணக்குப் பார்க்க வேண்டியதுதான். ஐரோப்பாவில் சாதாரண கார் லைசென்ஸில் 3.5 டன் வரைதான் ஓட்டலாம். ஸ்ப்ரிங், பிரேக், டயர் மூன்றையும் மாற்றாமல் எஃகை மட்டும் ஏற்றித் தருகிறவரிடம் போகாதீர்கள். உயரமான வண்டியில் கனக் கண்ணாடி மேலேயே இருப்பதால் திருப்பத்தில் சாய்வது நன்றாகத் தெரியும்.

மூன்று வருடத்தில் கண்ணாடி ஓரம் வெள்ளையாகிவிட்டதே?

ஒன்றோடொன்று ஒட்டிய கண்ணாடி அடுக்குகள் பிரிகின்றன. சில்லு தெறிக்காமலிருக்க உட்புறம் பாலிகார்பனேட் என்ற பிளாஸ்டிக் ஒட்டியிருப்பார்கள், வெயிலில் அது கண்ணாடியைவிட ஏழு மடங்கு அளவுக்கு விரியும். பிரிந்ததை ஒட்ட முடியாது, மாற்றத்தான் வேண்டும். நிழலில் நிறுத்துங்கள், உட்புறத்தை அம்மோனியா கலந்த திரவத்தால் துடைக்கவே துடைக்காதீர்கள்.