ஓப்பன் ரிலே இல்லை. ஆனாலும் ஸ்பேம் போவது எப்படி?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் லினக்ஸ் கணினியில் போஸ்ட்ஃபிக்ஸ் என்ற அஞ்சல் சர்வர் மென்பொருளை நிறுவி, 40 பேருக்கான மின்னஞ்சலை நாங்களே நடத்திவருகிறோம். சில நாட்களாக வாடிக்கையாளர்களுக்கு அனுப்பும் அஞ்சல்கள் திரும்பி வருகின்றன. எங்கள் ஐபி முகவரி, ஸ்பேம் தடுப்பு அமைப்பான ஸ்பாம்ஹவுஸின் தடைப்பட்டியலில் இருப்பதாகக் காரணம் சொல்லப்படுகிறது. இணையச் சோதனைத் தளம் ஒன்றில் பார்த்தால், எங்கள் சர்வர் ஓப்பன் ரிலே இல்லை என்றே காட்டுகிறது. பிறகு தவறு எங்கே இருக்கிறது?

பதில்: அந்தத் தளம் சொன்னது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். அனுப்புபவரும் பெறுபவரும் தன்னைச் சேராதவர்களாக இருந்தும் அஞ்சலை வாங்கி அனுப்பிவைக்கும் சர்வரையே ஓப்பன் ரிலே என்கிறோம். மின்னஞ்சல் அனுப்புவதற்கான எஸ்எம்டிபி நெறிமுறை 1982இல் வகுக்கப்பட்டபோது இதை யாரும் குறையாகக் கருதவில்லை. 1990களில் ஸ்பேம் பெருகிய பிறகே இந்த வழக்கம் கைவிடப்பட்டது. இன்றைய போஸ்ட்ஃபிக்ஸ் இயல்பிலேயே மூடிய நிலையில்தான் நிறுவப்படுகிறது. ஆனால் உங்கள் சர்வரைப் பிறர் பயன்படுத்திக்கொள்ள ரிலே ஒன்றே வழியன்று.

முதலில், ஸ்பாம்ஹவுஸின் பட்டியல்களில் எதில் இருக்கிறீர்கள் என்று பாருங்கள். பிபிஎல் பட்டியலில் இருந்தால், அது ஸ்பேம் அனுப்பியதற்குச் சான்றாகாது. அந்த ஐபி வரிசையிலிருந்து நேரடியாக அஞ்சல் அனுப்பப்படக்கூடாது என்ற கொள்கையை மட்டுமே அது குறிக்கிறது. எக்ஸ்பிஎல் பட்டியல் என்றால், அந்த முகவரிக்குப் பின்னால் ஏதோ ஒரு கணினி கைப்பற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கணினி உங்கள் அஞ்சல் சர்வராகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. அலுவலகம் முழுவதும் ஒரே பொது முகவரியைப் பயன்படுத்தினால், வைரஸ் தாக்கிய ஒரு விண்டோஸ் கணினி, அஞ்சல் சர்வர்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் 25ஆம் போர்ட் வழியாக நேரே ஸ்பேம் அனுப்பிக்கொண்டிருக்கக்கூடும். சர்வரின் லாக்கில் (நிகழ்வுப் பதிவேட்டில்) அதன் சுவடே இருக்காது. ஆகவே, அஞ்சல் சர்வரைத் தவிர வேறு எந்தக் கணினியும் 25ஆம் போர்ட்டில் வெளியே போக முடியாதவாறு ரவுட்டரில் இன்றே தடுத்துவிடுங்கள்.

அடுத்து, அனுப்பப்படக் காத்திருக்கும் அஞ்சல்களைக் காட்டும் மெயில்க்யூ கட்டளையை இயக்கிப் பாருங்கள். உங்களுக்குத் தொடர்பில்லாத முகவரிகளுக்கான அஞ்சல்கள் அங்கே குவிந்திருந்தால், உடனே எல்லாவற்றையும் அழித்துவிடாமல் போஸ்ட்சூப்பர் கட்டளை மூலம் நிறுத்திவையுங்கள். அவைதான் உங்களிடம் உள்ள தடயம். அவற்றில் ஒன்றின் வரிசை எண்ணை எடுத்து அஞ்சல் லாக்கில் தேடினால், அது எந்த வழியாக உள்ளே வந்தது என்பது தெரிந்துவிடும்.

அந்த வரியில் சாஸ்ல் யூசர்நேம் (உள்நுழைந்தவரின் பயனர்பெயர்) என்று உங்கள் ஊழியர் ஒருவரின் பெயர் இருந்தால், அவருடைய கடவுச்சொல் திருடுபோயிருக்கிறது. என் கணிப்பில் உங்கள் அலுவலகத்தில் நடந்திருப்பது இதுவாகத்தான் இருக்கும். இந்த வகைக் களவை எந்த ஓப்பன் ரிலே சோதனையும் காட்டிக்கொடுக்காது, ஏனெனில் சர்வரைப் பொறுத்தவரை உள்ளே வந்தவர் முறையான பயனர். லாக்கில் பயனர் வாரியாக அஞ்சல்களை எண்ணிப் பார்த்தால், நள்ளிரவில் பல நாட்டு ஐபிகளிலிருந்து ஆயிரக்கணக்கில் அனுப்பும் கணக்கு தனித்துத் தெரியும். கடவுச்சொல்லை மாற்றிய கையோடு போஸ்ட்ஃபிக்ஸை மறுபடி தொடங்குங்கள்; முன்பே உள்நுழைந்த இணைப்புகள் அதன் பிறகே அறுபடும்.

அந்த வரியில் பிக்கப் (அதே கணினிக்குள்ளிருந்து தரப்பட்ட அஞ்சல்) என்றும் யூஐடி, அதாவது பயனர் எண், 33 என்றும் இருந்தால் (டெபியன், உபுண்டு இரண்டிலும் வெப் சர்வருக்குரிய எண் அது), உங்கள் இணையதளத்தின் தொடர்புப் படிவமோ, யாரேனும் நுழைத்துவிட்ட பிஎச்பி கோப்போ அனுப்புகிறது. பிஎச்பி அமைப்பில் மெயில் ஆட் எக்ஸ் ஹெடர் என்பதை இயக்கிவிட்டால், அடுத்து வெளியேறும் அஞ்சலின் தலைப்பில் அனுப்பிய கோப்பின் பெயரும் சேர்ந்து வரும்.

உள்நுழைவும் இல்லை, பிக்கப்பும் இல்லை, அறிமுகமில்லாத ஐபி மட்டுமே இருக்கிறது என்றால்தான் ரிலேயைச் சந்தேகிக்க வேண்டும். உள்நுழைவு கேட்காமலே சர்வர் நம்பும் முகவரிகளைக் கொண்ட மைநெட்வொர்க்ஸ் பட்டியலைப் படியுங்கள். போஸ்ட்ஃபிக்ஸ் 3.0க்கு முந்தைய பதிப்புகள், வேறு எதுவும் சொல்லாவிட்டால், தாம் இருக்கும் சப்நெட் (அருகருகே உள்ள ஐபி முகவரிகளின் தொகுதி) முழுவதையும் நம்பின; வாடகைச் சர்வர்களில் அந்தச் சப்நெட் முன்பின் தெரியாதவர்களுடையது. போஸ்ட்ஃபிக்ஸை டாக்கர் என்ற கொள்கலன் மென்பொருளுக்குள் இயக்குபவர்களுக்கு இன்னொரு சிக்கல் உண்டு: சில அமைப்புகளில் வெளியிலிருந்து வரும் இணைப்புகள் அனைத்தும் 172.17.0.1 என்ற உள்முகவரியிலிருந்து வருவதாகவே தெரியும், அதையும் நம்பிக்கைப் பட்டியலில் சேர்த்திருந்தால் உலகத்துக்கே கதவு திறந்துவிடும்.

ரிலேயை நீங்களே சோதிப்பதாயின், அலுவலகத்திலிருந்து சோதிப்பதில் பயனில்லை. உள்ளிருந்து வருபவரைச் சர்வர் நம்பத்தான் செய்யும். வெளியிலுள்ள, 25ஆம் போர்ட் அடைக்கப்படாத ஓர் இணைப்பிலிருந்து டெல்நெட் கட்டளையால் உங்கள் சர்வருடன் இணைந்து, அனுப்புநர், பெறுநர் இரண்டையும் வெளி டொமைன்களாகக் கொடுங்கள். பெறுநராக உங்களுடைய வேறொரு அஞ்சல் பெட்டியை வைத்துக்கொள்ளுங்கள். 554 அல்லது 454 என்ற எண்ணுடன் மறுப்பு வந்தால் சரி. ஏற்றுக்கொண்டதைக் குறிக்கும் 250 வந்தால் முழு அஞ்சலையும் அனுப்பி, அது உண்மையில் போய்ச்சேர்கிறதா என்று பாருங்கள், ஏனெனில் சில சர்வர்கள் வாங்கிக்கொண்ட பிறகு குப்பையில் போடும். பயனர்கள் உள்நுழைந்து அஞ்சல் அனுப்பும் 587, 465 போர்ட்களிலும் ஐபிவி6 முகவரியிலும் இதே சோதனையைச் செய்யுங்கள். ஐபிவி6 இயங்குவதையே பலர் மறந்துவிடுகிறார்கள்.

இனி மறுபடி நேராமலிருக்க: டிஎல்எஸ் குறியாக்கம் இல்லாமல் உள்நுழைவை ஏற்காதீர்கள், 25ஆம் போர்ட்டில் உள்நுழைவையே நிறுத்திவிடுங்கள், ஒருவர் தம் சொந்த முகவரியிலிருந்து மட்டுமே அனுப்ப முடியுமாறு செய்யுங்கள், ஒவ்வொரு பயனரும் ஒரு மணி நேரத்தில் அனுப்பக்கூடிய அஞ்சல்களுக்கு வரம்பு வையுங்கள். இல்லாத பயனருக்கு வரும் அஞ்சலை வாங்கிவிட்டுப் பின்னர் திருப்பி அனுப்பாமல், இணைப்பின்போதே மறுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போலி அனுப்புநர் முகவரிக்கு உரியவர்களை நீங்களே தொல்லைப்படுத்துவீர்கள். பதிப்பையும் புதுப்பியுங்கள்: 2023 டிசம்பரில் வெளிவந்த, ஓர் அஞ்சலுக்குள் போலி அஞ்சலை ஒளித்து அனுப்பவிடும் எஸ்எம்டிபி ஸ்மக்லிங் ஓட்டைக்கான தடுப்பு, 3.9 முதல்தான் இயல்பாகவே இயங்கும் நிலையில் வருகிறது.

பட்டியலிலிருந்து நீக்கக் கோருவதைக் கடைசியில் செய்யுங்கள். காரணத்தை அடைக்காமல் கோரினால் மறுபடி சேர்த்துவிடுவார்கள். நீக்கப்பட்டதா என்று 8.8.8.8 போன்ற பொது டிஎன்எஸ் வழியாகக் கேட்காதீர்கள். அவ்வாறு வரும் கேள்விகளுக்கு ஸ்பாம்ஹவுஸ் 127.255.255.254 என்ற பிழைக்குறியீட்டையே தரும், அதைப் பட்டியலில் இருப்பதாகப் பலர் தவறாகப் படிக்கிறார்கள். அவர்களுடைய இணையதளத்திலேயே ஐபியைக் கொடுத்துப் பார்ப்பது போதும்.