வாசகர் கேள்வி பதில்: கரையோரத்திலிருந்து ஒரு டெக் செய்தியாளர்

தொழில்நுட்பச் செய்தியாளராகவும் பாட்காஸ்ட் தொகுப்பாளராகவும் ஆவது பற்றி ராமநாதபுரம் கரையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகளில் சில இங்கே.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ் கடைசி வருடம் படிக்கிறேன். டெக் செய்தியாளராக ஆசை. சென்னைக்கோ பெங்களூருக்கோ போனால்தான் நடக்கும் என்கிறார்களே?
(வாசகி, தங்கச்சிமடம்)

புது போன் அறிமுக விழாக்களை எழுதுவதுதான் வேலை என்றால் அவர்கள் சொல்வது சரி. விழாக்கள் அங்கேதான் நடக்கின்றன. ஆனால் அந்தச் செய்தியை எல்லோரும் ஒரே பத்திரிகைக் குறிப்பைப் பார்த்து எழுதுகிறார்கள். அதில் புதிதாக ஒருவர் சேர்வதால் யாருக்கும் லாபமில்லை. உங்கள் வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் இதைவிடப் பெரிய செய்திகள் கரையேறி நிற்கின்றன.

படகுகளுக்கான டிரான்ஸ்பாண்டரை, அதாவது செயற்கைக்கோள் வழியாகப் படகையும் கரையையும் இணைக்கும் கருவியை எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஆகஸ்டில் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் நாடு முழுவதும் 1 லட்சம் படகுகளுக்கு, சுமார் 360 கோடி ரூபாயில், இந்தக் கருவி. வகுத்துப் பார்த்தால் படகுக்கு 36,000 ரூபாய். இந்த ஒரு கணக்கிலிருந்தே செய்தி தொடங்கிவிடுகிறது. ஆன்டெனாவைப் படகில் எங்கே பொருத்துகிறார்கள், பாய்மரக் கம்போ வலை இழுக்கும் வின்ச்சோ அதை மறைக்கிறதா? மின்சாரம் எஞ்சின் பேட்டரியிலிருந்து வருகிறதா, எஞ்சினை நிறுத்தினால் என்ன ஆகும்? உப்பு பூத்து கனெக்டர் கெட்டால் பழுது பார்ப்பவர் யார், எந்த ஊரில்? எச்சரிக்கை தமிழில் வருகிறதா? டிரைவருக்கு அதைப் பார்க்க நேரம் இருக்கிறதா? நான்கு படகுகளில் ஏறி இவற்றைக் கேட்டு, மீன்வளத் துறையிடமும் பதில் வாங்கினால் எந்த ஆசிரியரும் மறுக்க முடியாத கட்டுரை கிடைக்கும்.

ஹைதராபாத்தில் உள்ள மத்திய அரசின் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் தரும் மீன்வளப் பகுதி அறிவிப்பும் அப்படித்தான். கடல் மேற்பரப்பின் வெப்பத்தையும் பச்சையத்தின் அளவையும் செயற்கைக்கோள் மூலம் பார்த்து, எந்தத் திசையில், எத்தனை தூரத்தில், எந்த ஆழத்தில் மீன் கூடலாம் என்று சொல்கிறார்கள். மேகம் மூடினால் செயற்கைக்கோளால் கடலைப் பார்க்க முடியாது. அதனால் மழைக்காலத்தில் அறிவிப்பு விட்டுவிட்டு வரும். இதை மீனவருக்குப் புரியும்படி எழுதியவர்கள் குறைவு. 2025 ஏப்ரல் 6-ல் திறந்த புதிய பாம்பன் பாலத்தின் 72.5 மீட்டர் தூக்குப் பகுதி, உப்புக்காற்றைத் தாங்க அதன் இரும்புக்குப் பூசிய பாலிசிலாக்சேன் பூச்சு, கமுதியில் 2016-ல் வந்த 648 மெகாவாட் சூரியமின் நிலையம் என்று விஷயத்துக்குப் பஞ்சமே இல்லை.

அமெரிக்காவின் வால்ட் மாஸ்பெர்க் 1991-ல் வால் ஸ்ட்ரீட் ஜர்னலில் கம்ப்யூட்டர் பத்தி தொடங்கும் முன்பு நெடுங்காலம் பாதுகாப்பு, வெளியுறவுச் செய்திகள் எழுதியவர். பொறியாளராக இருக்கவில்லை. சாதாரண மனிதர் பக்கம் நின்று கேள்வி கேட்டதுதான் அவர் பலம். பட்டம் உங்கள் கைக்கு வரப்போகிறது. அந்தப் பழக்கத்தைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில் 700 சொல் அளவில் ஐந்து கட்டுரைகளைத் தயார் செய்யுங்கள். பிறகு ஆசிரியருக்கு ஐந்தே வரியில் எழுதுங்கள்: புதிதாக என்ன, யாரைப் பாதிக்கிறது, யாரிடம் பேசியாயிற்று, கையில் என்ன ஆவணம், எந்தத் தேதிக்குள் தருவீர்கள். "வாய்ப்பு தாருங்கள்" என்று மட்டும் போகும் கடிதத்தை யாரும் படிப்பதில்லை.

மீனவர்களைப் பேட்டி எடுத்து பாட்காஸ்ட் செய்கிறோம். போனில்தான் பதிவு. காற்றுச் சத்தம் எல்லாவற்றையும் கெடுக்கிறது. சாஃப்ட்வேரில் நீக்கப் பார்த்தால் குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடுகிறது.
(வாசகர், பாம்பன்)

காற்று மைக்கின் சவ்வை நேரடியாக மோதித் தள்ளும்போது ஒலி அலையின் உச்சி வெட்டுப்பட்டுவிடும். வெட்டுப்பட்டதை எந்த சாஃப்ட்வேராலும் முழுதாக ஒட்ட முடியாது. நீங்கள் கேட்கும் அந்தத் தண்ணீர்க் குரல், சாஃப்ட்வேர் சத்தத்தோடு குரலின் பாதியையும் சேர்த்துச் சுரண்டியதால் வருவது. காற்றைப் பதிவின்போதே தடுத்தாக வேண்டும்.

பாம்பனில் உங்களுக்கு ஒரு வசதி, கடல் இரண்டு பக்கமும் இருக்கிறது. வாடை அடிக்கும் ஐப்பசி முதல் தை வரை வடகடல் பக்கம் கொந்தளிக்கும்; அப்போது தென்கரையில் பேட்டி வையுங்கள். கச்சானும் (மேல்காற்று) சோழகமும் (தென்காற்று) வீசும் மாதங்களில் வடகரைக்கு மாறுங்கள். படகுகளே அப்படித்தான் கரை மாறுகின்றன. பேசுபவரை வலைக் குவியலுக்கோ கரையேற்றிய படகுக்கோ மறைவில், காற்றுக்கு முதுகு காட்டி உட்கார வையுங்கள். தகரக் கொட்டகை வேண்டாம், எதிரொலிக்கும். ஓலைக் கொட்டகை மிக நல்லது.

மைக் விஷயத்தில் விலையைவிட உறைதான் முக்கியம். கூடவே வரும் கறுப்பு ஸ்பாஞ்ச் மூச்சுக்காற்றைத்தான் தடுக்கும், கடற்காற்றைத் தடுக்காது. நீள முடி வைத்த ரோம உறை வாங்குங்கள். நனைந்து முடி ஒட்டிக்கொண்டால் அது வேலை செய்யாது, காயவைத்து சீப்பால் வாருங்கள். காலர் மைக் என்றால் தாடையிலிருந்து ஒரு சாண் கீழே, நெஞ்சில் குத்த வேண்டும். கையில் பிடிக்கும் டைனமிக் மைக் என்றால் வாய்க்கு நான்கு விரற்கடை தூரம். ஏலக்கூடம், ஐஸ் உடைக்கும் இடம், எஞ்சின் ஓடும் படகு போன்ற இடங்களுக்கு டைனமிக்தான். அது பக்கத்துக் குரலை எடுத்துத் தூரத்து இரைச்சலைக் குறைக்கும். கண்டென்சர் மைக் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வரும்.

அளவுகள்: 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், மோனோ, வேவ் கோப்பு. ஒரு மணி நேரத்துக்கு ஏறத்தாழ 520 எம்பி இடம் வேண்டும். உரக்கப் பேசும்போது மீட்டர் −12 டெசிபலைத் தொட்டால் போதும். கடலில் கூவிப் பேசிப் பழகிய குரல் திடீரென்று ஏறும், அதற்கு இடம் விட வேண்டும். அடித்தொனி இரைச்சலை வெட்டும் லோ-கட் வசதி இருந்தால் 80 ஹெர்ட்ஸில் வையுங்கள். போனை ஏர்பிளேன் மோடில் போடுங்கள். பேட்டி முடிந்ததும் யாரும் பேசாமல் அந்த இடத்தின் சத்தத்தை மட்டும் 30 வினாடி பதிவு செய்யுங்கள். வெட்டி ஒட்டும் இடங்களில் அடியில் போட அது தேவைப்படும். இதை விட்டுவிட்டு வந்தால் அலைச்சத்தம் ஒவ்வொரு வெட்டிலும் நின்று நின்று தொடங்கும், கேட்பவர் காது உடனே கண்டுபிடித்துவிடும்.

வெளியூரில் இருப்பவரைப் போனில் பேட்டி எடுத்தால் அவர் பக்கமும் தனியே பதிவாக வேண்டும். ஆனால் பல ஆண்ட்ராய்டு போன்களில் அழைப்பு நடக்கும்போதே ரெக்கார்டரை ஓட்டினால் வெறும் மௌனம்தான் பதிவாகும். ஒரு போனில் பேசச் சொல்லி, வீட்டில் உள்ள இன்னொரு போனை ஒரு சாண் தூரத்தில் வைத்துப் பதிவு செய்யச் சொல்லுங்கள். தொடக்கத்தில் இருவரும் ஒருமுறை கைதட்டினால் இரண்டு பதிவுகளையும் ஒன்றாகப் பொருத்துவது எளிது.

ஒலியை எடிட் செய்ய ஆடாசிட்டி சாஃப்ட்வேர் இலவசம், அதுவே போதும். முதலில் வெட்டுங்கள், பிறகு மெல்லிய கம்ப்ரெஷன் (உரத்த ஒலிக்கும் மெல்லிய ஒலிக்கும் உள்ள இடைவெளியைக் குறைப்பது), கடைசியில் சத்த அளவைச் சரிசெய்யுங்கள்: ஸ்டீரியோவுக்கு −16 எல்யூஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சராசரி சத்தத்தின் அளவு), மோனோவுக்கு −19, உச்சம் −1 டெசிபலைத் தாண்டக் கூடாது. மோனோ எம்பி3, 64 கேபிபிஎஸ் என்று வெளியிட்டால் 25 நிமிட நிகழ்ச்சி 12 எம்பி-தான். டேட்டாவைப் பார்த்துப் பார்த்துச் செலவழிக்கும் வீடுகளுக்கு இது பெரிய உபகாரம். அட்டைப்படம் 1400 முதல் 3000 பிக்சல் வரை சதுரமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஆப்பிள் ஏற்காது.

பேட்டிக்கு நேரம் பார்ப்பதும் தொழில்தான். கரை திரும்பி ஏலம் முடியும்வரை யாரிடமும் மைக்கை நீட்டாதீர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் பழுது பார்க்கப்படும். எஞ்சின், ஆழம் காட்டும் எக்கோ சவுண்டர், வயர்லெஸ் எல்லாம் கழற்றி வைத்திருப்பார்கள். கருவிகளைப் பற்றி நிதானமாகப் பேச அதைவிட நல்ல காலம் இல்லை. உங்கள் ஊரிலேயே 2016 முதல் ஒலிபரப்பாகும் 'கடல் ஓசை' 90.4 சமுதாய வானொலியைத் தினமும் கேளுங்கள். மீனவர் எந்த நீளப் பேச்சுக்குக் காது கொடுக்கிறார் என்பது பிடிபடும்.

ரிவியூ செய்ய ஒரு கம்பெனி இலவசமாக போன் தருகிறது. வாங்கலாமா?
(வாசகர், கீழக்கரை)

கடனாக வாங்குங்கள், தேதி போட்டுத் திருப்பிக் கொடுங்கள், கட்டுரையின் முதல் பத்தியிலேயே அதைச் சொல்லுங்கள். சொந்தமாக வைத்துக்கொண்டால் அது கைமாறு. கைமாறு வாங்கிப் பாராட்டுவதை மறைத்தால் 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி 10 லட்சம் ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க இடமுண்டு. வெளியிடும் முன் கட்டுரையைக் காட்டச் சொன்னால் மறுத்துவிடுங்கள்.

சோதிப்பது உங்கள் கடற்கரைக்கு ஏற்றபடி இருக்கட்டும். நீர் தாங்கும் தரமாக ஐபி 68 என்று பெட்டியில் போட்டிருப்பது நல்ல தண்ணீரில் சோதித்த அளவு. கடல் நீருக்கு அந்த உத்தரவாதம் கிடையாது, நீர் புகுந்த சேதத்துக்குப் பெரும்பாலும் வாரன்டியும் கிடையாது. கடல்நீர் பட்ட போனை நல்ல தண்ணீரால் துடைத்து, சார்ஜிங் துளை முழுக்கக் காயும்வரை சார்ஜ் போடக் கூடாது. உப்பும் ஈரமும் இருக்கும்போது மின்சாரம் பாய்ந்தால் பின்கள் அரிக்கும். உச்சி வெயிலில் திரை தெரிகிறதா, ஈரக்கையில் தொடுதிரை கேட்கிறதா, சிக்னல் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் மட்டும் எவ்வளவு நேரத்தில் இடம் பிடிக்கிறது என்று பாருங்கள். இணைய உதவி இல்லாமல் முதல் முறை இடம் பிடிக்க நிமிடக் கணக்கு ஆகலாம். இதைச் சொல்லாத ரிவியூ கரையோரத்துக்குப் பயன்படாது.

அதிகாரிகள் தகவலே தருவதில்லை. தகவல் உரிமைச் சட்டத்தில் எப்படிக் கேட்பது?
(வாசகி, மண்டபம்)

"ஏன் செய்யவில்லை?" என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் கருத்தைத் தரச் சொல்லவில்லை, ஆவணத்தைத் தரச் சொல்கிறது. "1.4.2024 முதல் 31.3.2025 வரை மண்டபம் பகுதியில் டிரான்ஸ்பாண்டர் பொருத்திய படகுகளின் எண்ணிக்கை, வந்த பழுதுப் புகார்களின் பதிவேட்டு நகல்" என்று காலமும் இடமும் ஆவணமும் குறித்துக் கேளுங்கள். மாநில அலுவலகத்துக்கு 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். தவறான துறைக்கு அனுப்பியிருந்தாலும் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய துறைக்கு அவர்களே மாற்ற வேண்டும். பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதற்குப் பின் 90 நாளுக்குள் தகவல் ஆணையத்துக்கு இரண்டாவது. ஒரு மனுவில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். பதினைந்து கேள்விகளை அடுக்கினால் எளிதானதற்கு மட்டும் பதில் சொல்லி மூடிவிடுவார்கள்.

டிரோன் படம் எடுக்கலாமா?
(வாசகர், உச்சிப்புளி)

உங்கள் ஊரில் கடற்படையின் ஐஎன்எஸ் பருந்து விமானத்தளம் இருக்கிறது. டிரோன் எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும் பகுதியில் மத்திய அரசின் அனுமதியில்லாமல் 250 கிராம் டிரோனைக்கூடப் பறக்கவிடக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளுக்கு வனத்துறை அனுமதியும் வேண்டும். தூண்டிலோ கம்போ நீட்டி எடுத்த படமே உங்கள் கட்டுரைக்குப் போதும்.

எழுத்தை மட்டும் நம்பிப் பிழைக்க முடியுமா?
(வாசகர், தொண்டி)

தொடக்கத்தில் முடியாது. கருவிக் கையேடுகளைத் தமிழில் எழுதித் தருவது, பிறர் பாட்காஸ்டுகளுக்கு எடிட்டிங், கல்லூரிகளில் ஒலிப்பதிவுப் பயிற்சி என்று சேர்ந்தால்தான் மாத வருமானம் நிற்கும். அதனால் உரிமையை இழக்காமல் பாருங்கள். 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, சம்பளத்தில் இல்லாமல் எழுதியதற்கு முதல் உரிமையாளர் நீங்கள். எழுதிக் கையெழுத்திட்டால் ஒழிய அது கைமாறாது. கையெழுத்திட்ட தாளில் காலம் குறிக்காவிட்டால் 5 ஆண்டு என்றுதான் கொள்ளப்படும். ஒப்பந்தம் வந்தால் "அச்சு, இணையம் மட்டும், ஒலி வடிவ உரிமை எழுதியவருக்கே" என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். அந்தக் கட்டுரையைப் பிறகு பாட்காஸ்டாக்க அதுதான் கை கொடுக்கும்.

பேட்டியை ஏஐ மூலம் எழுத்தாக்கலாமா?
(வாசகி, தேவிபட்டினம்)

முதல் வரைவுக்குச் செய்யலாம். ஓபன்ஏஐ 2022-ல் வெளியிட்ட விஸ்பர் இருக்கிறது. சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு இந்திய மொழிகளுக்கான பேச்சு மாதிரிகளைத் திறந்த மூலமாகத் தருகிறது. நல்ல ஒலிப்பதிவில் செய்தித் தமிழ் ஓரளவு சரியாக வரும். கடற்கரைப் பேச்சில் தடுமாறும். கச்சான், சோழகம், கொண்டல் என்ற காற்றுப் பெயர்கள், வத்தை என்ற சிறு படகு, "எட்டு பாகம்" என்ற ஆழக் கணக்கு எல்லாம் வேறு சொல்லாக மாறிவிடும். பேச்சில்லாத, வெறும் காற்று இரையும் இடங்களில் யாரும் சொல்லாத வாக்கியத்தையே இட்டு நிரப்புவதும் உண்டு. இதுதான் ஆபத்து. ஆகவே மேற்கோளாக அச்சேறும் ஒவ்வொரு வரியையும் ஒலியோடு வைத்துக் கேட்டுச் சரிபாருங்கள். எண்கள், பெயர்கள், ஊர், "இல்லை" என்ற சொல் ஆகிய நான்கையும் இரண்டு முறை பாருங்கள். மூல வேவ் கோப்பை வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வைத்த பிறகே ரெக்கார்டர் கார்டை அழியுங்கள்.