குஸ்கோவில் ஊர்க்காரர்கள் எங்கே இருக்கிறார்கள்?

தம்பி, பெருவில் இந்தக் குஸ்கோவுக்கு வந்து மூன்று வாரமாகியும் நடுச் சதுக்கமான பிளாசா தே ஆர்மாஸையும் சான் பிளாஸ் பகுதியையும் தாண்டி எதையும் பார்த்த மாதிரி இல்லை, திரும்பின பக்கமெல்லாம் டூரிஸ்ட் கூட்டம், இந்த ஊர்க்காரர்கள் எங்கேதான் இருக்கிறார்கள் அக்கா என்று கேட்டிருந்தீர்கள். இரண்டு வருட வேலை என்றும் எழுதியிருந்தீர்கள். இரண்டு வருடம் என்பது நல்ல காலம். நான் வந்து ஒன்பது வருடம் ஆகப்போகிறது, எனக்கு இந்த ஊர் எப்படிப் பழகியதோ அதைச் சொல்கிறேன்.

ஆள் வராத இடங்களின் பட்டியலைத் தேடி அலையாதீர்கள். ஒரே கடைக்கு, ஒரே கிழமையில், ஒரே நேரத்தில் திரும்பத் திரும்பப் போங்கள். இங்கே எல்லாம் அதிலிருந்துதான் தொடங்குகிறது.

சான் பேத்ரோ சந்தையை எல்லோரும் சொல்வார்கள். அதன் முன்வரிசை ஜூஸ் கடைகள் இப்போது பெரும்பாலும் பயணிகளுக்குத்தான். பின்பக்கம் உருளைக்கிழங்கு, பாலாடைக்கட்டி, மூலிகை விற்கும் வரிசைகளில் ஊர் ஜனம் இருக்கிறது, அங்கேயும் போகலாம். ஆனால் உங்களுக்கு நான் சொல்வது வாஞ்சக் சந்தை. மையத்திலிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் போதும், கேமராவைக் கழுத்தில் மாட்டின ஆளை அபூர்வமாகத்தான் பார்ப்பீர்கள். மதியம் அங்கே பெஞ்சில் உட்கார்ந்து 'மெனு' சாப்பிடுங்கள். மெனு என்றால் இங்கே விலைப்பட்டியல் இல்லை, நம்மூர் மதிய சாப்பாடு மாதிரி: முதலில் ஒரு கிண்ணம் சூப், அப்புறம் சோறும் குழம்பும், குடிக்க ஏதாவது ஒன்று, பத்து சோல் சுமாரில் முடிந்துவிடும். நீங்கள் சைவமாக இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள், 'கறி வேண்டாம்' என்று சொன்னால் பலருக்கு மாட்டுக்கறி வேண்டாம் என்றுதான் அர்த்தம். கோழியும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். கீன்வா சூப்பே எலும்பு போட்டுக் கொதித்திருக்கலாம்.

நான் உருளைக்கிழங்கு வாங்குவது அங்கே ஒரு அம்மாவிடம். முதல் சனிக்கிழமை நான் கேட்டதற்கு விலை மட்டும் சொன்னார், முகம் பார்க்கவில்லை. இரண்டாவது வாரமும் அப்படித்தான். மூன்றாவது வாரம், எடை போட்டு என் பைக்குள் கொட்டின பிறகு, ஓரத்தில் இருந்த மூட்டையில் கைவிட்டு இரண்டு கை பச்சை மொச்சை மாதிரியான ஆபாஸை அள்ளி மேலே போட்டார். 'யாப்பா' என்றார். இந்த மலை ஜனங்களின் மொழியான கெச்சுவாவின் வார்த்தை, ஸ்பானிஷ் பேசுகிறவர்களும் அதையே எடுத்துக்கொண்டார்கள். நம் கொசுறுதான் அது, வேறொன்றும் இல்லை. அன்றிலிருந்து எனக்கு அவர் காசேரா, அவருக்கு நான் காசேரா. வாடிக்கை என்பதற்கு இங்கே விற்பவருக்கும் வாங்குபவருக்கும் ஒரே சொல், அது எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

அந்த அம்மா எனக்குக் கிழங்கைப் பற்றிச் சொல்லிக்கொடுத்ததை எந்தச் சுற்றுலா வழிகாட்டியும் சொல்லியிருக்க முடியாது. பெருவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உருளைக்கிழங்கு வகைகள் உண்டு, அவர் கடையில் எப்போதும் ஏழெட்டு இருக்கும். வெறுமனே அவித்து உப்பு தொட்டுச் சாப்பிட பெருவானிட்டா, குழம்பை நன்றாக உறிஞ்ச ஊவாய்ரோ. சாம்பல் கல் மாதிரி சுருங்கிக் கிடப்பது சூன்யோ. ஜூன் மாதம் மலை மேலே உறைபனி ராத்திரிகளில் கிழங்கைத் தரையில் பரப்பி உறையவிட்டு, பகலில் காலால் மிதித்து நீரை வெளியேற்றி, வெயிலில் காயவைப்பார்கள். வருடக்கணக்கில் கெடாது. எனக்கு அதைக் கையில் வாங்கின நிமிடம் மொட்டைமாடியில் வற்றல் காயும் வாசனைதான் நினைவுக்கு வந்தது, கண் கலங்கிவிட்டது.

சமையல் பேச்சு வந்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்த ஊர் சுமார் 3,400 மீட்டர் உயரம். நம் ஊட்டி 2,240 தான். இங்கே தண்ணீர் 89 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், திறந்த பாத்திரத்தில் பருப்பு வேகவே வேகாது. இங்குள்ளவர்களும் குக்கர்தான் வைத்திருக்கிறார்கள், முதல் சம்பளத்தில் ஒன்று வாங்கிவிடுங்கள். மஞ்சள் தூளுக்குப் 'பலில்லோ' என்று கேளுங்கள்.

மொழி. ஸ்பானிஷ் கட்டாயம், அதைச் சொல்லவே வேண்டாம். ஆனால் சந்தைக்குப் போகிற ஆள் நாலு வார்த்தை கெச்சுவா படித்துக்கொள்ளுங்கள். தமிழ் பேசுகிறவனுக்கு அது அந்நியமாகவே இருக்காது. வினை கடைசியில் வரும், விகுதி மேல் விகுதி ஒட்டிக்கொண்டே போகும், முன்பின் தெரியாத பெரியம்மாவைக்கூட 'மமாய்' என்று கூப்பிடலாம், 'என் அம்மா' என்று பொருள். நம்மிடம் ஞ என்ற எழுத்தே இருக்கிறது, உச்சரிப்பில் பாதி வேலை அதிலேயே முடிந்தது. எல்லாவற்றுக்கும் மேலே, அவர்களிடமும் நாம் வேறு, நாங்கள் வேறு. 'ஞோகாஞ்சிஸ்' என்றால் நாம், 'ஞோகாய்கு' என்றால் நாங்கள். ஸ்பானிஷில் இரண்டுக்கும் சேர்த்து 'நோசோத்ரோஸ்' ஒன்றுதான். என் காசேரா முதல் இரண்டு வருடம் என்னிடம் பேசும்போது 'நாங்கள் இப்படிச் செய்வோம், நாங்கள் திருவிழாவுக்கு இதைச் சமைப்போம்' என்றே சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் வருடம் கார்பஸ் கிறிஸ்தி திருவிழா நெருங்கின ஒரு சனிக்கிழமை, மகளிடம் பேசிக்கொண்டே என் பக்கம் திரும்பி, 'அன்றைக்கு நாம் சீக்கிரம் போனால்தான் இடம் கிடைக்கும்' என்றார். ஞோகாஞ்சிஸ். பக்கத்தில் நின்ற ஸ்பானிஷ்காரருக்கு அதில் ஒன்றும் கேட்டிருக்காது. எனக்குக் கேட்டது. அன்று வீட்டுக்கு எப்படி நடந்து போனேன் என்றே நினைவில்லை.

அந்தத் திருவிழாவை விடாதீர்கள். ஈஸ்டர் முடிந்து அறுபதாம் நாள், மே கடைசியிலோ ஜூனிலோ வரும். அதற்கு முந்தின நாளே நகரின் பல பகுதிகளிலிருந்தும் பக்கத்து ஊர்களிலிருந்தும் பதினைந்து புனிதர்களையும் மாதாக்களையும் பல்லக்கில் தோளில் தூக்கிக்கொண்டு பிளாசா தே ஆர்மாஸுக்கு வருவார்கள். சான் ஹெரோனிமோவும் சான் செபாஸ்தியானும் கிழக்குப் பக்கத்து ஊர்கள், பத்து கிலோமீட்டர் தூரத்திலிருந்தெல்லாம் போட்டி போட்டு ஓட்டமும் நடையுமாக வருவார்கள். சாமி தூக்கின தோள் வீங்கியிருப்பதைப் பெருமையாகக் காட்டும் ஆட்களை நம்மூரில் பார்த்திருப்பீர்கள், அதே தோள்களை இங்கேயும் பார்க்கலாம். ஸ்பானியர்கள் வரும் முன் இங்கே ஆண்ட இன்காக்களின் காலத்தில் இதே சதுக்கத்துக்குத்தான் இறந்துபோன அரசர்களின் பதப்படுத்திய உடல்களை எடுத்துவந்து வைத்துக் கொண்டாடினார்கள். சான் பிரான்சிஸ்கோ சதுக்கத்தில் அந்த நாட்களில் 'சிரி உச்சு' கிடைக்கும். கினிப்பன்றி, கோழி, உப்புக்கண்டம், கடற்பாசி, மீன் முட்டை, வறுத்த சோளம் எல்லாம் ஒரே தட்டில், ஆறின பதத்தில். மலையும் கடலும் ஒரு தட்டில் சந்திக்கிற சாப்பாடு. கறி சாப்பிடாவிட்டாலும் போய் நின்று பாருங்கள்.

திருவிழாவுக்கு முன்னால் ஒரு காரியம். ஆதுன் ரூமியோக் தெருவில் பன்னிரண்டு மூலைக் கல் முன்னால் செல்ஃபிக்கு வரிசை நிற்கிறதே, அந்தச் சுவர் பேராயர் மாளிகையின் சுவர். அதே கட்டடத்துக்குள் அருங்காட்சியகம் இருக்கிறது, வெளியே நிற்பவர்களில் உள்ளே போகிறவர்கள் கொஞ்சம் பேர்தான். 17ஆம் நூற்றாண்டில் சாந்தா ஆனா கோவிலுக்காக இதே கார்பஸ் ஊர்வலத்தை வரைந்த ஓவியங்களில் பெரும்பகுதி அங்கே இருக்கிறது. நெற்றியில் சிவப்புக் குஞ்சம் கட்டிய இன்கா பிரபுக்கள் தங்கள் பகுதிச் சாமியோடு நடந்து வருவார்கள், ஓரத்தில் வேடிக்கை பார்க்கும் ஜனங்களின் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். அப்புறம் அந்தச் சாந்தா ஆனாவுக்கே ஏறிப் போங்கள். மேற்கே மேட்டில் இருக்கிறது, இன்கா காலத்துப் பெயர் கார்மென்கா. வடமேற்கிலிருந்து வந்த பெருவழி நகருக்குள் இறங்கின இடம் அதுதான். சாயங்கால வெயிலில் ஓட்டுக்கூரைகள் மொத்தமும் சிவக்கும். படிகளில் மெதுவாக ஏறுங்கள், மூன்று வாரம் ஆகிவிட்டதே என்று வேகம் காட்ட வேண்டாம். இருட்டும் முன் இறங்கிவிடுங்கள், இரவில் அந்தப் படிகளில் தனியாக வேண்டாம்.

ஞாயிற்றுக்கிழமைக்குத் தெற்குப் பக்கம். மச்சு பிச்சு, பிசாக் என்று கூட்டம் வடக்கே போகும், நீங்கள் அவெனிதா தே லா குல்துராவில் தெற்கே போகும் பஸ்ஸில் ஏறுங்கள். சாய்யாவில் பன்றி வறுவல், திப்போனில் அடுப்பில் சுட்ட கினிப்பன்றி, ஒரோபேசாவில் ரொட்டி என்று ஊருக்கு ஒரு சாப்பாடு. ஒரோபேசாவின் சூத்தா ரொட்டி தட்டு அகலத்துக்கு இருக்கும், லேசான இனிப்பு, சூடாக வாங்கினால் வீடு வந்து சேராது. திப்போனில் சாலையிலிருந்து மேலே ஏறினால் இன்காக்கள் கட்டின படிவயல்கள். கல்லில் செதுக்கின வாய்க்காலில் இன்றைக்கும் தண்ணீர் ஓடுகிறது, ஒன்று இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்து விழும் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. நான் மனசு சரியில்லாத நாளில் போகிற இடம் அது.

வழியில் ஒரு வீட்டு வாசலில் நீளக் கம்பில் சிவப்புத் துணியோ பிளாஸ்டிக் பையோ கட்டியிருந்தால் உள்ளே சிச்சா இருக்கிறது என்று அர்த்தம், முளைகட்டின சோளத்தைக் காய்ச்சிப் புளிக்கவைத்தது. குடிக்கிற பழக்கம் உண்டென்றால் உள்ளே போய் உட்காரலாம். முதலில் சில சொட்டு தரையில் ஊற்றிவிட்டுக் குடியுங்கள், அது பூமித்தாய்க்கு.

நெரிசலான சந்தையில் பையை முன்பக்கம் மாட்டுங்கள், என் பையை ஒருமுறை பிளேடால் கிழித்துவிட்டார்கள். யாரையும் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். மையத்தில் ஆட்டுக்குட்டியோடு நிற்கும் பெண்கள் படத்துக்குக் காசு கேட்டால் கொடுங்கள், அவர்களுக்கு அது பிழைப்பு.

நான் சனிக்கிழமை காலை எட்டரைக்கு வாஞ்சக்கில் இருப்பேன், ஊருக்குப் பேசி முடித்துவிட்டுத்தான் கிளம்புவேன், அங்கே அப்போது மாலை. கிழங்கு வரிசைக்கு வந்து தமிழில் கூப்பிடுங்கள், அந்தச் சந்தையில் வேறு யாரும் திரும்ப மாட்டார்கள். துணிப்பை ஒன்று கொண்டுவாருங்கள்.